சூடானதும் நின்றுவிடும் 1994 புல்லட்: ரீபோர் செய்யத்தான் வேண்டுமா?

போடிக்காரன்:
வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்பு 1994 மாடல் புல்லட் 350 ஒன்று வாங்கினேன். வலது பக்கம் கியர், பாயிண்ட் செட் (பிளக் பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பழைய தொடுமுனைகள்). அப்பா இதே மாதிரி வண்டியை வைத்திருந்து, என் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றார். அதனால் இதை விட்டுவிட மனசு வரவில்லை.

காலையில் இரண்டு கிக்கில் எடுக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. இருபது கிலோமீட்டர் தாண்டினால், முக்கியமாகப் போடிமெட்டு மலை ஏறும்போது, முதலில் மிஸ்ஸிங் (இஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது), சைலன்சரில் ஒரு வெடி, அப்புறம் நின்றுவிடுகிறது. எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது போல எடுக்கிறது. போன ஞாயிறு வீட்டம்மாவோடு ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்றோம்.

பிளக் புதிது. கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடிக்கிறது, ரீபோர் செய்ய வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். புகை சுத்தமாக இல்லை. செய்யலாமா?

இன்னொன்று: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) கடைசிப் புதுப்பிப்பு 2024 வரைதான். பெயரும் இன்னும் மாற்றவில்லை.

காஸ்ட் அயர்ன்:
தம்பி, இஞ்சினைப் பிரிக்க விடாதீங்க. பிஸ்டன் பிடித்தால் வண்டி இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் குறைந்து நிற்கும், கிக்கரும் இறுகியிருக்கும். மிஸ்ஸிங் கொடுத்து வெடித்து நிற்பது வேறு கதை. நின்றபோது கிக்கர் எப்படி இருந்தது?

போடிக்காரன்:
வழக்கம்போலத்தான் அண்ணே. கம்ப்ரஷன் நன்றாகவே இருந்தது.

மலைப்பாதை:
பெட்ரோல் டேங்க் மூடியைப் பாருங்கள். அதிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. நின்ற உடனே மூடியைத் திறந்து உதையுங்கள். எடுத்தால் அதுதான்.

காஸ்ட் அயர்ன்:
அதையும் பாருங்க. எனக்கு என்னவோ பாயிண்ட்டோடு இணைந்திருக்கும் கண்டன்சர் மேல்தான் சந்தேகம். வண்டி ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் நின்ற அந்த இடத்திலேயே பார்க்கணும். பிளக் ஸ்பேனரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் கையோடு கொண்டுபோங்க. பெட்ரோல் வாடை இல்லாத பக்கமாக பிளக்கை இஞ்சின் ஹெட்டில் நன்றாக ஒட்டவைத்து உதைத்துப் பாருங்க. பொறி நீலமாக, பட்டென்று வரணும். அப்புறம் பாயிண்ட் மூடியைத் திறந்து, வேறொருவரை உதைக்கச் சொல்லி பாயிண்ட்டைக் கவனிங்க.

போடிக்காரன்:
இன்று தம்பியைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். ஏழாவது வளைவில் நின்றது. டேங்க் மூடியைத் திறந்தும் பலனில்லை. பிளக்கில் பொறி மஞ்சளாக, நூல் போல வந்தது. பாயிண்ட்டில்தான் பளிச்பளிச்சென்று நீலப் பொறி! பாயிண்ட்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் கடுகளவு மேடு.

காஸ்ட் அயர்ன்:
அப்படியானால் கண்டன்சர்தான். பாயிண்ட் பிரியும் நொடியில் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டாமல் கண்டன்சர் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் காயிலில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருளில்) மின்னோட்டம் சட்டென்று அறுபட்டு, பிளக்குக்குப் பலமான பொறி போகிறது. கண்டன்சர் பழசானால் சூட்டில் கசியும், ஆறினால் தேறிவிடும். உங்களுக்குப் பிளக்கில் வரவேண்டிய பொறி பாயிண்ட்டில் வருகிறது.

கண்டன்சரோடு பாயிண்ட்டையும் மாற்றிடுங்க. குழி விழுந்ததைத் தேய்த்து ஓட்டினால் மறுபடி மலையில்தான் நிற்பீங்க. இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்தே பாருங்க, கண்ணளவு வேண்டாம். அதோடு டைமிங்கும் (பொறி வரும் நேரம்) டேப்பட்டும் (வால்வு இடைவெளி) பாருங்க. இஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே இருக்க, புஷ் ராடு (வால்வைத் திறக்கும் தண்டு) விரலால் சுற்றினால் சுற்றணும், மேலும் கீழும் ஆடக்கூடாது. டேப்பட் இறுக்கமாக இருந்தாலும் சூட்டில் வண்டி சிரமப்படும்.

சேலத்து ரைடர்:
வண்டியைவிட எனக்கு ஆர்.சி.தான் கவலை. பதிவு முதலில் 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2009, 2014, 2019 முடிந்து, 2024இலேயே காலாவதி ஆகிவிட்டது. இந்த நிலையில் ஏதாவது விபத்து என்றால் இன்ஷூரன்ஸில் பெரிய தலைவலி. புதுப்பிக்க படிவம் 25, பெயர் மாற்ற 29, 30. இவற்றில் 29இலும் 30இலும் விற்றவர் கையெழுத்து வேண்டும். அவர் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பசுமை வரி பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சேசிஸ் எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

போடிக்காரன்:
பாயிண்ட்டும் கண்டன்சரும் மாற்றியாயிற்று. புஷ் ராடில் ஒன்று சுற்றவே இல்லை, அதையும் சரிசெய்தோம். வெயில் நேரத்தில் வேண்டுமென்றே கிளம்பி, 17 வளைவும் நிற்காமல் ஏறினேன். மேலே போய் அணைத்துவிட்டு, சூட்டோடு இக்னிஷனைப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் (கம்ப்ரஷனைத் தளர்த்தும் லிவர்) பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு உதைத்தேன். அப்பா சொல்லிக்கொடுத்த முறை. ஒரே கிக்.

சேசிஸ் எண் ஆர்.சி.யோடு பொருந்துகிறது. புதன்கிழமை விற்றவர் வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போகிறேன். அதுவரை வண்டி வெளியே போகாது. நன்றி அண்ணே, நன்றி நண்பர்களே.

காஸ்ட் அயர்ன்:
நல்லது தம்பி. பாயிண்ட்டின் ஃபைபர் தேயும் பகுதியில் கிரீஸ் துளி வைத்தீங்களா? இல்லையென்றால் புதன்கிழமைக்குள் வைத்திடுங்க. அது தேய்ந்தால் இடைவெளி குறைந்துகொண்டே வரும்.