மறுமொழி: ஒளிப்பட மென்பொருளில் ‘இறக்குமதி’ வேண்டுமா? ‘குறிச்சொல்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்பட மென்பொருளைத் தமிழாக்கும்போது import என்பதற்கு ‘இறக்குமதி’யும் tag என்பதற்குக் ‘குறிச்சொல்’லும் சரிதானா என்பதுதான் இந்த இழையின் பேச்சு. ‘இறக்குமதி’ ஏற்கெனவே பல மென்பொருட்களில் பழகிவிட்ட சொல், அதை ஏன் இப்போது கிண்ட வேண்டும் என்று இந்த இழையில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். விரிதாளுக்கும் முகவரிப் புத்தகத்துக்கும் அது போதும், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஒளிப்பட மென்பொருளில் அந்தப் பொத்தானை அழுத்திய கையோடு பாவனையாளர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: கமராவின் மெமறிக் காட்டில் (memory card) உள்ள படங்களை அழிக்கலாமா, கூடாதா? நாம் வைக்கும் சொல் அந்த முடிவுக்கு உதவ வேண்டும். மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

கொக்குவிலில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். நம் சோதனை மொழிபெயர்ப்பைப் போட்டு அவரைக் கணினி முன் இருத்தினேன். ‘இறக்குமதி’யைக் கண்டதும், “உதென்ன, துறைமுகத்தில இருந்தோ வருது?” என்று சிரித்தார். சிரிப்பைச் சிரிப்பாக விட்டுவிடலாம். படங்கள் எல்லாம் வந்து முடிந்ததும் ‘நீக்கவா, வைத்திருக்கவா?’ என்று ஒரு சின்னச் சாளரம் எழுந்தது. மனுசன் மௌசிலிருந்து கையை எடுத்துவிட்டார். “எதை நீக்கப் போகுது? காட்டில கிடக்கிறதையோ, இப்ப உள்ள வந்ததையோ?”

இந்தக் கேள்விக்கு நம் மொழிபெயர்ப்பில் விடை இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால், மூலத்திலேயே ஒரு சொல்லின் கீழ் இரண்டு மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஷொட்வெல் (Shotwell) என்ற ஒளிப்பட மென்பொருளை எடுங்கள். வன்தட்டில் இருக்கும் ஒரு கோப்புறையைக் கொடுத்தால், படங்களைப் பிரதியெடுத்துத் தன் கோப்புறைக்குள் வைக்கவா, அல்லது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுக் கணக்கில் மட்டும் எடுக்கவா என்று கேட்கிறது. இரண்டாவதைத் தெரிவு செய்தால் ஒரு கோப்புக்கூட நகராது, மென்பொருள் தன் தரவுத்தளத்தில் முகவரியைக் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கமராவை இணைத்தால் மட்டும் கட்டாயம் பிரதியெடுக்கும், முடிந்ததும் கமராவில் உள்ளதை அழிக்கவா என்று கேட்கும். இத்தனைக்கும் பெயர் ‘இறக்குமதி’ என்றால், இருந்த இடத்திலேயே கணக்கில் எடுத்த படங்களை ஒருவர் ‘அதுதான் இறக்குமதி செய்தாயிற்றே’ என்று பழைய கோப்புறையோடு அழித்துவிட்டு நிற்பார். திரையில் சிறு படங்கள் மட்டும் மிஞ்சும்.

இங்கே பலருக்குப் பிக்காசா என்ற பழைய ஒளிப்பட மென்பொருளின் பழக்கமும் இருக்கிறது. கூகுள் அதை 2016இல் நிறுத்திவிட்டது, ஆனாலும் பழைய கணினிகளில் அது இன்னும் ஓடுகிறது. பிக்காசா கணினியில் உள்ள கோப்புறைகளை அப்படியே காட்டும். அதில் பழகியவர்கள் திரையில் தெரியும் படத்தையே கோப்பு என்று நம்புவார்கள். அவர்களுக்கு இந்த வேறுபாட்டை ஒரு பக்க உதவிக் குறிப்பில் விளக்குவதைவிடப் பொத்தானிலேயே சொல்லிவிடுவது மேல்.

‘இறக்குமதி’க்கு மாற்றாக வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘தருவி’ அழகான வினை, இலக்கண நூல்களில் வாழ்கிறது. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனை ஒரு நண்பர் நினைவூட்டி, அந்தக் காலத்திலேயே அத்தனை சொற்களை ஆக்கியவர்கள் நாம், ஒரு ‘தருவி’க்கு ஏன் தயங்க வேண்டும் என்று கேட்டார். தயங்கவில்லை. ஆனால் கிறீனிடம் படித்தவர்கள் அந்தச் சொற்களை ஆசிரியர் வாயால் கேட்டு, விளக்கம் பெற்று, பிறகுதான் நோயாளியைத் தொட்டார்கள். நம் பாவனையாளருக்குப் பக்கத்தில் ஆசிரியர் இல்லை, பொத்தான் மட்டும்தான் இருக்கிறது. ‘உள்வாங்கு’ என்றால் கடல் உள்வாங்கியது நினைவுக்கு வரும், 2004க்குப் பிறகு இந்தக் கரையில் அந்தச் சொல்லை ஒரு பொத்தானில் போட எனக்கு மனம் வராது. ‘இறக்கு’, ‘ஏற்று’ இரண்டும் பேச்சில் உள்ளவை. சிக்கல் என்னவென்றால் ஒரே வேலைக்கு ஒருவர் ‘கமராவில இருந்து படத்தை இறக்கு’ என்கிறார், அவர் தங்கை ‘கொம்பியூட்டருக்கு ஏத்து’ என்கிறார். போதாததற்கு இணையத்திலிருந்து எடுப்பதற்குத் தரவிறக்கமும் தமிழ்நாட்டில் பதிவிறக்கமும் ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

என் பரிந்துரை: பொதுப்பெயராகப் ‘படங்களைச் சேர்’. உள்ளே போனதும் ‘பிரதியெடுத்துச் சேர்’, ‘இருக்கும் இடத்திலேயே சேர்’ என்று இரண்டு. மூலத்தில் ஒரு சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டுமென்று யாரும் சட்டம் போடவில்லை.

‘பிரதி’யா, ‘நகல்’ஆ, ‘படி’யா என்ற கேள்வி உடனே வரும். ‘படியெடு’தான் பழையது, ஏடு படியெடுத்த வழக்கம். சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்த காலத்துச் சொல். ஆனால் ‘படங்களைப் படியெடு’ என்பதைத் திரையில் விரைவாகப் படித்தால் கண் தடுக்குகிறது. தமிழ்நாட்டார் நகல் என்பார்கள், நமக்குப் பிரதி. தமிழ்நாட்டுத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் வெவ்வேறு மொழியமைப்புகள் இருக்கும் மென்பொருட்களில் அவரவர் சொல்லைப் போடலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் ‘நகல்’ போனாலும் எனக்குப் பிரச்சினை இல்லை, இங்கே அது விளங்காத ஆள் இல்லை.

‘சேர்’ ஏற்கெனவே வேறு கட்டளைக்குப் போட்டாயிற்றே, குறிச்சொல்லையும் ‘சேர்’ என்றுதானே வைத்திருக்கிறோம் என்று கட்டாரிலிருந்து தம்பி ஒருவர் சரியாகவே பிடித்தார். குறிச்சொல்லுக்கு ‘இடு’ என்று மாற்றிவிடுவோம். பெயர் இடுகிறோம், பொட்டு இடுகிறோம், கையொப்பம் இடுகிறோம், குறிச்சொல்லும் இடலாம். அப்புறம் ‘சேர்’ படங்களுக்கு மட்டும்.

இதே பொறி ‘நீக்கு’விலும் இருக்கிறது. குறிச்சொல்லை நீக்கு, தொகுப்பிலிருந்து நீக்கு, வன்தட்டிலிருந்து நீக்கு, கமராவிலிருந்து நீக்கு என்று நாலுக்கும் ஒரே வினை போட்டிருக்கிறோம். முதல் இரண்டும் செய்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, கடைசி இரண்டில் படம் போய்விடும். போகிற இடத்தில் ‘அழி’ என்று போடுவோம். ‘கமராவில் உள்ள பிரதியை அழி’, ‘கோப்பையே அழி’. மற்ற இடங்களில் ‘எடுத்துவிடு’. ‘அழி’ கடுமையாக ஒலிக்கிறது என்று சொல்லப்பட்டது. கடுமையாகத்தானே ஒலிக்க வேண்டும்? 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு நடந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. பிறகு ரொறன்ரோவிலும் லண்டனிலும் உறவினரிடம் இருந்த பிரதிகளை வருடி (ஸ்கான் செய்து) அனுப்பி, அதிலிருந்துதான் கலியாணப் படங்களையே திரும்பப் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கோப்புக்கு ‘நீக்கு’ என்ற மழுங்கல் சொல் போதாது.

மென்பொருளில் உள்ள படங்கள் மொத்தத்துக்கும் ‘நூலகம்’ என்று போட்டிருப்பதை மாற்றுங்கள். ‘தொகுப்பு’ போதும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இனிக் குறிச்சொல். வலைப்பதிவுகள் பெருகிய காலத்திலேயே இது வேரூன்றிவிட்டது, வேர்ட்பிரஸ்ஸும் இதைத்தான் பாவிக்கிறது. ‘சிட்டை’ வேண்டும் என்றவர்களின் ஆசை விளங்குகிறது, நம் ஊர்ச் சொல். ஆனால் சிட்டை என்றால் கடையில் எழுதித் தருவது. ‘சுட்டுத்துண்டு’ போத்தலில் ஒட்டும் விபரத்துக்குச் சரி. குறிச்சொல்லை அசைக்கத் தேவையில்லை. முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு ஆளைக் குறிப்பதற்கு மட்டும் வேறு சொல் வேண்டும், அங்கே படத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து பதிவாகிறது. ‘முகக்குறி’ என்று வைக்கலாம். பேச்சில் எல்லாரும் ‘ராக் (tag) பண்ணு’ என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

முகக்குறியின் உதவிக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: உறவுமுறை எழுதாதீர்கள், பெயர் எழுதுங்கள். நான் ‘அம்மம்மா’ என்று குறித்த படம் மாமா மகனிடம் போனால் அவனுக்கு அவர் அப்பம்மா. ஊரில் மூன்று ‘சின்னத்தம்பி மாமா’ இருக்கும் குடும்பங்கள் வேறு உண்டு.

படத்தை அனுப்பினால் குறிச்சொல்லும் கூடப் போகுமா என்பதிலும் சொல் தெளிவு வேண்டும். டிஜிகாம் (digiKam), ஷொட்வெல் ஆகிய இரண்டு மென்பொருட்களிலும் குறிச்சொற்கள் தரவுத்தளத்தில் இருக்கும். கோப்புக்குள் எழுதுவதற்கு அமைப்புகளில் தனித் தெரிவு உண்டு. அதைத் தெரிவு செய்யாமல் படத்தைப் பென்டிரைவில் கொடுத்தால், உட்கார்ந்து இட்ட குறிச்சொல் ஒன்றும் போகாது. நாம் அந்தத் தெரிவுக்கு ‘மீதரவை எழுது’ (write metadata) என்று போட்டிருக்கிறோம். மீதரவு எத்தனை பேருக்கு விளங்கும்? ‘குறிச்சொற்களையும் விபரங்களையும் படக்கோப்பினுள்ளேயே எழுது’ என்று நீட்டியே போடுவோம், அந்தச் சாளரத்தில் இடம் தாராளமாக இருக்கிறது.

கோப்புக்குள் எழுதும்போது தமிழுக்கென்று ஒரு தனிக் கூத்து இருக்கிறது. பத்திரிகைத் துறைக்காக வந்த பழைய ஐ.பி.ரி.சி. (IPTC) வடிவத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைற் மட்டும்தான் இடம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யு.ரி.எஃப்-8 (UTF-8) முறையில் தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலா 3 பைற். ‘கா’ என்றால் ககரம் 3, அரவு (துணைக்கால்) 3. புள்ளிக்கும் 3. இனி ‘யாழ்ப்பாணப் பொது நூலகம்’ என்பதை எண்ணிப் பாருங்கள்: 21 குறிகள், இரண்டு இடைவெளி, மொத்தம் 65 பைற். ஒரு பைற் கூட! 64இல் வெட்டும் மென்பொருளில் கடைசிப் புள்ளி முறிந்து, ‘நூலகம’வுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியோ கேள்விக்குறியோ நிற்கும். பகிடி என்னவென்றால், இடையில் வரும் ‘ப்’பை விட்டு ‘யாழ்ப்பாண பொது நூலகம்’ என்று எழுதினால் 59தான், ஒழுங்காகப் போய்விடும். சந்தி பார்த்து எழுதுபவருக்குத்தான் தண்டனை. அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. (XMP) வடிவத்தில் இந்த மட்டு இல்லை. ஆகவே உதவிக் குறிப்பில் எக்ஸ்.எம்.பி.யைத் தெரிவு செய்யச் சொல்வோம், கூடவே குறிச்சொல்லைக் குட்டையாக வைக்கச் சொல்வோம். வேற்றுமை உருபு சேர்க்காமல் எழுவாயாகவே வைப்பதும் நல்லது. ‘யாழ்ப்பாணத்தில்’ என்று இட்டவர் ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் அது அகப்படாது.

திகதிகள். கமரா படக்கோப்பினுள் எழுதும் எக்ஸிஃப் (EXIF) விபரத்தில் எடுத்த நேரத்துக்கு ஒரு புலமும் எண்மமாக்கிய (டிஜிற்றலாக்கிய) நேரத்துக்கு இன்னொன்றும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டையும் நாம் ‘உருவாக்கிய திகதி’ என்று ஒரே குழியில் போட்டிருக்கிறோம். ஸ்ரூடியோவில் 1974இல் எடுத்த ஒரு படத்தைக் கைத்தொலைபேசியால் இன்று படம் பிடித்தால் இரண்டு புலத்திலும் இன்றைய திகதிதான் ஏறும். பிறகு முதலாவதை மட்டும் திருத்த வேண்டும். எது எது என்று தெரிந்தால்தானே திருத்துவார்கள்? ‘எடுத்த திகதி’, ‘எண்மமாக்கிய திகதி’, மென்பொருளுக்குள் வந்தது ‘சேர்த்த திகதி’. ‘எண்மமாக்கிய’ கனமாக இருக்கிறது என்றால் ‘வருடிய திகதி’ என்று வைக்கலாம், ஆனால் கைத்தொலைபேசியால் எடுப்பதை வருடல் என்று யாரும் சொல்வதில்லை.

மறுப்பு இல்லாத சொற்களை இந்தக் கிழமைக் கடைசியில் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை. ஷொட்வெல் ஒரே நாளில் எடுத்த படங்களைத் தானாகவே ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டை ‘நிகழ்வு’ (event) என்கிறது. ‘வைபவம்’ நன்றாக இருக்குமே என்றார் வவுனியா நண்பர். பூப்புனித நீராட்டுக்கும் நல்லூர்த் தேருக்கும் அது பொருந்தும். வாசலில் படுத்திருந்த பூனையை மூன்று தரம் எடுத்த நாளுக்கும் அதே தலைப்பு வந்தால் எப்படி? பேசாமல் ‘நாள்’ என்று போட்டுவிட்டு, பெயர் மாற்றுவதைப் பாவனையாளரிடமே விடலாமா? சொல்லுங்கள்.

நன்றி.