கோப்ஸாவைப் போலிஷ் மொழியில் எப்படி எழுதுவது?

போலிஷ் அறிந்த நண்பர்களுக்கு வணக்கம். நாட்டுப்புற நரம்பிசைக் கருவிகளுக்குப் போலிஷ் மொழியில் விளக்க அட்டைகள் எழுதி வருகிறேன். சில பெயர்களில் நின்றுவிட்டேன்.

மிகவும் அலைக்கழிப்பது உக்ரைனின் கோப்ஸா. அது பருத்த குடமும் குட்டைக் கழுத்தும் கொண்டது, விரலால் மீட்டுவது. போலந்திலோ கோப்ஸா என்றதும் பலருக்கு மலைநாட்டார் ஊதும் தோற்பைக் குழல்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு டூடி என்ற சரியான பெயர் இருந்தும் பேச்சில் இப்படி நிலைத்துவிட்டது. 'உக்ரைனியக் கோப்ஸா' என்றால் போதுமா? அட்டையில் படம் கிடையாது. வாசிப்பவர் காற்றுப் பையைக் கற்பனை செய்துவிடுவாரோ என்று கவலையாக இருக்கிறது.

அடுத்தது, ரஷ்யாவின் குஸ்லியும் செர்பியாவின் குஸ்லேயும். முன்னது மடியில் வைத்து மீட்டுவது. பின்னது ஒற்றை நரம்பில் வில்லால் இழைப்பது. இவற்றின் வேரிலிருந்தே வந்த போலிஷ் சொல்லான கெய்ஷ்லே, பொத்ஹாலே மலைப்பகுதியின் ஒடுங்கிய பிடிலைக் குறிக்கிறது. எனவே அவரவர் பெயரையே வைப்பதுதான் நேர்மை என்பது என் எண்ணம். அப்படி வைத்தால் போலிஷ் வேற்றுமை உருபுகளைச் சேர்க்கலாமா, மாற்றாமல் விடவேண்டுமா?

போலந்து அருங்காட்சியகங்களில் இப்பெயர்கள் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.