மறு: மறு: சாலைக் கலவையில் சேரும் இழைக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம். 'ஸ்மார்ட்' பாலிமர் இழை சேர்த்த தார்க் கலவைக்கு வந்த 'திறன்மிகு பல்லுறுப்பு இழை வலுவூட்டிய நிலக்கீல் கலவை' என்ற பரிந்துரையைப் படித்தேன். தார் போடுகிறவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கலவை ஆறிப்போகும்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். நம் பக்கத்துக் கோடையில் நிழலில் 40 பாகை என்றால், தார்ச்சாலையின் மேற்பரப்பு 60-ஐத் தாண்டிவிடும். பரவலாகப் பயன்படும் விஜி-30 என்ற ரகத் தாருக்கு இளகுநிலை 47 பாகைக்குக் குறையக் கூடாது என்பது தர அளவு. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புளியரை வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போனால், சக்கரம் ஓடும் இடம் அமுங்கித் தடம் விழாமல் என்ன செய்யும்? ஜல்லியைத் தார் பிடித்திருக்கிறது. தாரைப் பிடிக்கவும் ஏதாவது வேண்டும். அதற்குத்தான் இழை. மண்சுவருக்குக் குழைத்த மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்த அதே யோசனை.

ஆனால் எல்லா இழையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கல்லுக்குக் கல் முட்டி நிற்கும் கலவையில் (1960களில் ஜெர்மனியில் பிறந்தது) தார் அதிகம். லாரியில் போகும்போதே அடியில் வடிந்துவிடும். அதை ஏந்திக்கொள்ள டன்னுக்கு 3 கிலோ அளவில் செல்லுலோஸ் இழை சேர்க்கிறார்கள். அராமிட் என்ற செயற்கை இழை அப்படியன்று. அது கலவையின் 160 பாகைச் சூட்டிலும் உருகாமல், விரிசல் விழும்போது இரு கரையையும் இழுத்துப் பிடிக்கிறது. டன்னுக்கு அரை கிலோ போட்டாலே போதும் என்கிறார்கள். இரண்டும் நல்ல வேலைக்காரர்கள்; இரண்டிலும் 'ஸ்மார்ட்' எதுவும் இல்லை.

உண்மையில் அந்தப் பட்டம் பொருந்துவது மூன்றாவது வகைக்கு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஜினேட் இழைக்குள் சிறு சிறு அறைகளாக எண்ணெய் அடைத்துப் பார்த்தார்கள். விரிசல் அந்த அறையைக் கிழித்தால் எண்ணெய் கசிந்து, வறண்டுபோன தார் இளகி, விரிசல் மூடிக்கொள்ளும். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. நம் மன்னார் வளைகுடாவிலும் அந்தப் பாசி உண்டு என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஆகவே 'ஸ்மார்ட்' என்பதற்குச் சொல் தேடாதீர்கள். பேசிக்குத் 'திறன்', நகரத்துக்குச் 'சீர்மிகு' என்று வைத்தோம். நெல்லையும் சீர்மிகு நகரம்தான். மேற்கொண்டு சொல்ல விருப்பமில்லை. நம் முன்னோர் ஒரு செடிக்கு அறிவுச்செடி என்றா பெயர் வைத்தார்கள்? தொட்டாற்சுருங்கி என்றார்கள். எது பட்டால் என்ன செய்யும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

'பல்லுறுப்பு' (பாலிமர்) என்பதையும் விட்டுவிடலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வாசுதேவன் சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக்கைப் பூச்சாக ஏற்றிச் சாலை போடக் காட்டினார். அதிலும் பல்லுறுப்பு இருக்கிறது, இழை இல்லை. பெயர் இரண்டையும் குழப்பும்.

இழை என்றால் நூல் நினைவு வருகிறது. இது வெட்டிய துண்டு, உதிரி. எங்கள் பக்கம் பனையிலும் தென்னையிலும் எடுப்பதைத் தும்பு என்போம். எனவே: அராமிட்டுக்குத் தாங்குதும்பு, செல்லுலோஸுக்கு ஏந்துதும்பு, எண்ணெய் அடைத்ததற்கு ஆறுதும்பு. மூன்றாவது, விரிசலை ஆற்றுவது.

-----

அண்ணாச்சிக்கு வணக்கம்.

தும்பு எனக்குச் சம்மதம். வட்டாரச் சொல் என்று யாரும் தள்ள வேண்டாம். ஈழத்தில் தும்பு வைத்த விளக்குமாற்றுக்குத் தும்புத்தடி என்றுதான் பெயர். ஆனால் 'ஆறுதும்பு' சரிவராது. கலவை ஆறிப்போகும் என்று நீங்களே முதல் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். சூடு ஆறுவதும் புண் ஆறுவதும் ஒரே சொல். தார்க்களத்தில் ஆறுதும்பு என்றால், சூடு தணிக்கப் போடுவது என்று நினைத்துத் தூக்கி எறிவார்கள். எலும்பு 'கூடுவது' போலக் 'கூடுதும்பு' என்று யோசித்தேன். விரிசல் கூடும் என்றால் பொருளே தலைகீழாகிவிடுகிறது. 'சுரதும்பு' எப்படி? மடி சுரப்பதுபோல உள்ளிருப்பதைச் சுரக்கிறது.

-----

அம்மா, ஒப்புக்கொள்கிறேன். தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறேன். முப்பது ஆண்டு ரோலருக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு தடை வரும். அதே டெல்ஃப்ட்காரர்கள் எஃகு இழையைக் கலந்து, மேலே மின்காந்தச் சுருளை நகர்த்திச் சூடேற்றி, விரிசலை மூடவைத்தார்கள். 2010-இல் அந்நாட்டின் ஏ58 நெடுஞ்சாலையில் போட்டும் பார்த்தார்கள். அது எதையும் சுரப்பதில்லை. அதைத் தனியே 'சுடுகம்பி' என்போம். எஃகைத் தும்பு என்றால் பனையேறிகள் சிரிப்பார்கள்.

பட்டியலில் 'சுரதும்பு' என்றே ஏற்றுங்கள். பிழை திருத்துகிறவர் யாராவது 'சுரத்தும்பு' என்று மாற்ற வருவார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஊறுகாயைக் காட்டுங்கள்.