“எந்தத் தெரு?” என்று கேட்டுவிட்டேன், ஆலோசனைக்கு வந்த இளைஞர் மீண்டும் வரவில்லை

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் மூன்று ஆண்டுகளாக உளவள ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். கீழே சொல்லப்போகும் இளைஞரை யாரும் அடையாளம் காண முடியாதபடி அவருடைய வயது, படிப்பு, ஊர் ஆகியவற்றை மாற்றியே எழுதுகிறேன்.

தூக்கமின்மை, வகுப்புக்குப் போகப் பிடிக்காமை ஆகிய இரண்டையும் சொல்லிக்கொண்டு அவர் தாமாகவே வந்தார். பதிவுப் படிவத்தை நிரப்பும்போது ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் பழக்கத்தில், “ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தொலைபேசியை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே போகணும் மேடம்” என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டாம் அமர்வில் எதைக் கேட்டாலும் “பரவாயில்லை மேடம்” என்ற ஒரே பதில்தான் வந்தது. மூன்றாம் அமர்வுக்கு அவர் வரவில்லை.

சில நாள்கள் கழித்து ஒரு திருமண வீட்டில், பந்தியில் உட்கார வந்த ஒருவரை என் உறவினர் நிறுத்தி, அதே ஊர்ப் பெயரைச் சொல்லி, “அங்கே எந்தத் தெரு?” என்று கேட்டார். அவர் தெரிந்துகொள்ள விரும்பியது முகவரி அன்று என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. ஆதிக்கச் சாதியினர் வாழும் ஊரா, தலித் மக்கள் வாழும் காலனியா என்பதை நேராகக் கேட்காமல் கேட்கும் முறை அது. எங்கள் வீட்டில் நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த கேள்வியும் அதுதான். என் வாயிலிருந்து அது எந்த நோக்கமும் இல்லாமல் வந்தது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்; ஆனால் அந்த இளைஞருக்கு அது வேறு எப்படிக் கேட்டிருக்க முடியும்?

படிக்கும் காலத்தில் பன்முகப் பண்பாட்டுத் திறன் என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. அதில் அமெரிக்க வெள்ளையர், கறுப்பினத்தவர், ஆசியர் எல்லோரும் வந்தார்கள். சாதி என்ற சொல் வரவே இல்லை.

நான் கேட்க விரும்புவது இரண்டு. அவரைத் தொடர்புகொள்வது முறையா, அல்லது வராமல் இருப்பது அவருடைய உரிமை என்று விட்டுவிட வேண்டுமா? அவருடைய சமூகத்தைச் சேர்ந்த ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பிவிடுவதே நல்லது என்று என் மேற்பார்வையாளர் சொல்கிறார்; அது சரியா?

புதுவைக்காரி எழுதியது:

நீங்கள் படித்த பாடத்தின் வேர் 1992இல் டெரால்ட் விங் சூ, பட்ரீசியா அரெடொண்டோ, ரோட்ரிக் மெக்டேவிஸ் ஆகிய மூவர் அமெரிக்காவில் எழுதிய திறன் வரையறை. அவர்கள் முதலில் வைத்தது, ஆலோசகர் தம்முடைய சொந்த மதிப்பீடுகளையும் சாய்வுகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை. வந்திருப்பவரின் உலகப் பார்வையை அறிவது அதற்குப் பின்னால்தான் வருகிறது. நாமோ பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறோம். மீனவர் என்றால் இப்படி, மரைக்காயர் என்றால் இப்படி, நரிக்குறவர் என்றால் இப்படி என்று குறிப்பெடுத்துக்கொள்வதைத் திறன் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் திருமண வீட்டில் உங்களுக்குத் தெரிந்தது அந்த முதல் பகுதி. எந்த வகுப்பிலும் அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், பயிற்சி முடித்த புதிதில், கடலூர்க் கரையிலுள்ள ஒரு குப்பத்துக்குப் போனேன். துக்கத்தைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். குழந்தையை இழந்த ஒரு தாயிடம், அந்தக் காலையில் என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னேன். அரிசி லாரி வந்துவிடும் என்று சொல்லி அவர் எழுந்து போய்விட்டார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலையை நிமிர்த்தாமலே, “கடல் பேரை அது வாயால எடுக்கிற வரைக்கும் நீ எடுக்காதம்மா” என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பெண்ணுடன் நான் பேசியது அரிசி, தார்ப்பாய், மூத்த மகனின் பள்ளிச் சீருடை ஆகியவற்றைப் பற்றித்தான். கடலைப் பற்றி அவர் பேசத் தொடங்கிய நாளை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

பின்னாளில், மெலனி டெர்வலோன், ஜேன் மர்ரே-கார்சியா ஆகிய இரு மருத்துவர்கள் 1998இல் முன்வைத்த பண்பாட்டுப் பணிவு என்னும் கருத்தைப் படித்தபோது அந்தப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். இன்னொருவரின் பண்பாட்டை முழுமையாகக் கற்றுத் தேர்ந்துவிட முடியும் என்பதையே அவர்கள் ஏற்பதில்லை. தன்னைத் தானே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொள்வதையும், சிகிச்சை அறையில் அதிகாரம் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதையும் வாழ்நாள் வேலையாக வைக்கிறார்கள். புதுச்சேரியில் இது அன்றாடம் எதிர்ப்படும். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் பெறும் ஒரு குடும்பத்தை நான் பாதி வெளிநாட்டவராக எண்ணிப் பேசத் தொடங்கியபோது, அந்த வீட்டுப் பெரியவர் தம் மனக்குறையை முழுக்க முழுக்கப் பங்காளிச் சண்டையின் மொழியில் சொன்னார்.

நடைமுறைக்கு ஒன்று: மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வந்த டிஎஸ்எம்-5இல் பண்பாட்டு நேர்காணலுக்கென்று 16 கேள்விகள் இருக்கின்றன. அவற்றின் போக்கில் நான் எல்லோரிடமும் ஒன்று கேட்பேன்: “உங்களுக்கு இருக்கும் இந்தக் கஷ்டத்தை வீட்டில் என்ன என்று சொல்வீர்கள்?” தெருவின் பெயர் தராத எத்தனையோ செய்திகளை இந்தக் கேள்வி தரும்.

வழக்குக்கட்டு (புதுச்சேரி) எழுதியது:

நான் வழக்கறிஞர், சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாலினம், பாலீர்ப்பு, மதம், பண்பாடு, சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் முதலிய எந்த அடிப்படையிலும் பாகுபாடு இல்லாத மனநலச் சேவையை உரிமையாகவே வைக்கிறது. சாதி என்ற சொல் அங்கே வெளிப்படையாக இருக்கிறது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, சமய மதிப்பீடுகளுக்கு இணங்காமல் இருப்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சாதி மாறிக் காதலித்த பெண்ணை, “புத்தி பேதலித்துவிட்டது, நீங்கள் பேசித் திருத்துங்கள்” என்று அழைத்துவரும் பெற்றோரை நம் பகுதி ஆலோசகர்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தப் பிரிவில் இருக்கிறது.

வேறிடம் அனுப்புவதைப் பற்றி: எனக்குத் திறன் போதவில்லை என்று அனுப்புவது வேறு, எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று அனுப்புவது வேறு. அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை, ஆலோசகரின் சொந்த மதிப்பீடுகளை மட்டுமே காரணமாக வைத்து வேறிடம் அனுப்புவதைத் தவிர்க்கச் சொல்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அந்த வேறுபாடு நமக்கும் பொருந்தும்.

இந்த இடத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒரு வழக்கை நினைவூட்ட வேண்டும். தன்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கோரிய வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளில் முன்முடிவுகள் இருப்பதை ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதும் முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த அந்த ஆணை, பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’ முயற்சிகளுக்குத் தடை விதித்தது. தமக்குத் தெரியாததை ஒப்புக்கொண்ட அவர் வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றிவிடவில்லை என்பதை உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

மணிமுத்தாறு (விருத்தாசலம்) எழுதியது:

நான் காலனியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ஆலோசகர். உங்கள் பதிவைப் படித்ததும், “பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே போகணும்” என்ற பதிலில் சிறிது நேரம் நின்றுவிட்டேன். கல்லூரி விடுதியில் நான் சொன்ன பதில் வாட்டர் டேங்க். வாட்டர் டேங்குக்குப் பக்கத்தில் வீடு என்பேன். 2025 ஏப்ரலில் தமிழக அரசு ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்தச் சொல்லே தேவைப்படுவதில்லை. தெரு, கோயில், குலதெய்வம், அப்பாவின் வேலை என்று எந்த வழியாகவும் அது வந்துவிடும்.

அவரை எங்கள் ஆளிடம் அனுப்பலாம் என்ற யோசனை நல்ல மனத்துடன் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் உங்கள் அறையிலிருந்து அவருக்கு அது, “உனக்கு இடம் அங்கே” என்றுதான் கேட்கும். ஊரில் ஆயுள் முழுவதும் கேட்ட செய்தி அது. ரகசியம் என்ற சிக்கலும் உண்டு. இந்த மாவட்டத்தில் எங்கள் சமூகத்து ஆலோசகர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கிறோம். அவருடைய மாமாவை எனக்குத் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தன் சாதிக்காரரிடம் சொல்லக் கூடாது என்பதற்காகவே அவர் உங்களைத் தேடி வந்திருக்கலாம். அவரே கேட்டால் அனுப்புங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றவுணர்வு கொண்ட நல்லவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இதுதான். அவர் திரும்பி வந்தால், அவருடைய தூக்கமின்மை முழுவதும் சாதியால் வந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அவருக்குக் காதல் தோல்வி இருக்கலாம், கணக்குப் பாடம் புரியாமல் இருக்கலாம். அவருடைய துன்பம் எது என்பதை அவர் சொல்லட்டும்.

அழைப்பது முறையா என்றால், ஒருமுறை அழைப்பது முறைதான். தவறு உங்களுடையது என்னும்போது அதை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பும் உங்களுடையது. இரண்டாம் முறை அழைக்க வேண்டாம்.

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. படிவத்தில் முகவரிக் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்?’ என்று மாற்றியிருக்கிறேன். எனக்கு உண்மையில் தேவைப்பட்டது அதுதான். வேறிடம் அனுப்புவதில்லை என்று மேற்பார்வையாளரிடம் பேசி முடிவு செய்திருக்கிறேன். அந்த இளைஞருக்கு அனுப்ப ஒரு குறுஞ்செய்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“வணக்கம். கவுன்சிலிங்குக்கு வந்தபோது உங்கள் தெருவைக் கேட்டது தவறு, மன்னியுங்கள். எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் கேட்டேன். உங்களைப் புண்படுத்தியிருப்போமோ என்று மிகவும் வருந்துகிறேன். விருப்பமிருந்தால் மீண்டும் வாருங்கள்.”

மணிமுத்தாறு எழுதியது:

இதைக் குறுஞ்செய்தியாக அனுப்பாதீர்கள். அந்தத் தொலைபேசியை வீட்டில் எத்தனை பேர் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது; அவர் ஆலோசனைக்கு வந்ததே வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்லூரி விடும் நேரத்தில் அழையுங்கள். வேறு யாராவது எடுத்தால் பிறகு பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

பேசும்போது முதல் வரியும் கடைசி வரியும் போதும். உள்நோக்கம் இல்லை, வருந்துகிறேன் என்ற நடு வரிகளைச் சொன்னால், “பரவாயில்லை மேடம்” என்று அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அதை அவர் ஏற்கெனவே ஓர் அமர்வு முழுக்கச் சொல்லிவிட்டார்.