ரொறன்ரோவிலிருந்து ஆகஸ்டில் வருவோருக்கு எந்த விமானம், எந்தக் கடற்கரை?

வெள்ளவத்தை வாசி (கேள்வி):
ரொறன்ரோவிலுள்ள எனது அக்காவின் குடும்பம் ஆகஸ்டில் கொழும்புக்கு வரவிருக்கிறது. அக்கா, அத்தான், 6 வயதும் 9 வயதுமான இரண்டு பிள்ளைகள், அத்தானின் தாயார் என ஐந்து பேர். மாமிக்கு 72 வயது. இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகளுக்குக் கடலில் குளிப்பது ஒன்றே ஆசை என்பதால், ஹிக்கடுவையில் விடுதி பார்க்கும்படி அத்தான் எழுதியிருக்கிறார். அவர் கண்டுபிடித்த மலிவான விமானச்சீட்டில் வளைகுடாவில் 14 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். காத்திருப்புக் குறைந்த சீட்டோ கணிசமாக விலை கூடியது. எதைத் தெரிவு செய்யச் சொல்லலாம்?

மூதூரான்:
முதலில் ஹிக்கடுவையைக் கைவிடச் சொல்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசுவதால் மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்; அங்கே பிள்ளைகளைக் குளிக்க விடுவதற்கு உகந்த காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான். அதே சோளக மாதங்களில் எங்கள் கிழக்குக் கரை குளத்தைப் போலக் கிடக்கும். பாசிக்குடாவில் பவளப்பாறைத் திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால், கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவது அரிது. நிலாவெளியும் அழகுதான், அங்கிருந்து படகில் போகக்கூடிய புறாமலை 2003 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. ஆனால் அது ஓரளவு நீந்தத் தெரிந்தவர்களுக்கு உரிய இடம் என்பதோடு, ஆழமில்லாத நீரில் கால் ஊன்றிப் பவளத்தை மிதிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று, கட்டுநாயக்கவில் இறங்கிய கையோடு வான் வண்டியில் ஏற்றிக் கிழக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். அது இன்னும் ஆறேழு மணித்தியாலப் பயணம். நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கவைத்து, மறுநாள் காலையில் தம்புள்ளை, ஹபரணை வழியாகப் புறப்படுங்கள். இருட்டிய பின் ஹபரணைப் பக்கத்தில் வீதிக்கு யானை வரும்.

தெஹிவளை மருந்தகம்:
இன்சுலினைக் கட்டாயம் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுப்போகக்கூடும். வைத்தியரின் கடிதமும் மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். ஆகஸ்டில் கொழும்பு நேரம் ரொறன்ரோவைவிட ஒன்பதரை மணித்தியாலம் முந்தியது. கிழக்கு நோக்கிப் பறக்கும்போது நாள் அவ்வளவுக்குச் சுருங்குவதால், ஊசியின் அளவையும் நேரத்தையும் புறப்படுமுன் அவரது வைத்தியரே எழுதித் தர வேண்டும், நீங்களாகக் கணக்குப் போடக்கூடாது.

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்தால் காலில் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்துக் கூடுகிறது. மாமிக்கு நடைபாதை ஓர இருக்கையைப் பதிவு செய்யுங்கள். சக்கர நாற்காலியை 48 மணித்தியாலத்துக்கு முன்னரே விமான நிறுவனத்திடம் கேட்டுவைக்க வேண்டும். ஆனால் அந்த உதவி ஒரு விமானத்திலிருந்து அடுத்த விமானத்துக்குக் கொண்டுசேர்ப்பதற்குத்தான்; இடைப்பட்ட 14 மணித்தியாலமும் அவர் நாற்காலியில்தான் குந்தியிருக்க நேரும். அதனால் மலிவுச் சீட்டு வேண்டாம் என்பேன்.

கொட்டாஞ்சேனை:
இலண்டனில் உறவினர் இருந்தால் அங்கே இரண்டு நாள் தங்கி வருவதும் நல்ல வழி. ரொறன்ரோவிலிருந்து இலண்டனுக்கு 7 மணித்தியாலம். ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் நேரடியாகப் பறக்கிறது. ஆனால் கனேடியக் கடவுச்சீட்டுக்காரருக்கும் 2025 ஜனவரி முதல் பிரித்தானியாவின் மின்னணுப் பயண அனுமதி தேவை. எந்த வழியானாலும் முழுப் பயணத்தையும் ஒரே பதிவில் வாங்கச் சொல்லுங்கள். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நம் நாட்டுக்கான அனுமதியையும் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே எடுக்க வேண்டும். அதைப்போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகப் பணம் பிடுங்கும். நல்லூர்த் திருவிழாவும் கனடாவின் பள்ளி விடுமுறையும் சேருகிற மாதம் என்பதால், தாமதித்தால் விலை இன்னும் ஏறும்.

வெள்ளவத்தை வாசி:
அனைவருக்கும் நன்றி. சிறியவனுக்கு நீச்சல் தெரியாது என்பதால் பாசிக்குடா என்று முடிவெடுத்துவிட்டோம். இலண்டனில் எங்களுக்கு யாருமில்லை; காத்திருப்புக் குறைந்த வளைகுடா விமானத்தையே ஒரே பதிவில் எடுக்கும்படி அத்தானுக்கு எழுதியிருக்கிறேன். நீர்கொழும்பில் படியேறத் தேவையில்லாத, கீழ்த்தளத்தில் அறையுள்ள விடுதி யாருக்காவது தெரிந்தால் அறியத்தரவும்.