நியூயார்க் கால்பந்து அரங்கம்: பூங்காவா, பிராங்க்ஸா, வில்லெட்ஸ் பாயிண்டா? எந்த இடம் சரி?

கிழக்குக்கரை (கேள்வி)

2012-இல் அமெரிக்காவின் எம்.எல்.எஸ். கால்பந்து லீக், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஃப்ளஷிங் மெடோஸ் கொரோனா பூங்காவுக்குள் 25,000 இருக்கை கொண்ட கால்பந்து அரங்கம் கட்ட இடம் கேட்டது. 1964 உலகக் கண்காட்சியின் குளம் இருக்கிறதே, அந்த இடம்தான். 13 ஏக்கர் வரை நிலம், சுமார் 30 கோடி டாலர் செலவு, அதுவும் தனியார் பணம். நடக்கவில்லை. 2013-இல் நியூயார்க் சிட்டி எஃப்.சி. கிளப் பிறந்தது. அவர்கள் நகரின் இன்னொரு பகுதியான பிராங்க்ஸில், யாங்கீஸ் பேஸ்பால் அணியின் யாங்கி ஸ்டேடியத்துக்குத் தெற்கே இடம் பேசினார்கள், அதுவும் கைகூடவில்லை. கடைசியில் அதே பூங்காவுக்கு வடக்கே, மெட்ஸ் அணியின் பேஸ்பால் அரங்கத்துக்கு எதிரே, வில்லெட்ஸ் பாயிண்டில் கட்டுகிறார்கள். செலவு 78 கோடி டாலர். 2024 டிசம்பரில் வேலை தொடங்கியது, 2027-இல் திறப்பு. (ஊர் பழக்கமில்லாதவர்களுக்கு: ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலிலிருந்து ஓடையைத் தாண்டி மேற்கே.)

பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். இறங்குகிற ரயிலடியும் ஒன்றே. அப்படியிருக்க ஒன்று ஏன் விழுந்தது, மற்றது ஏன் நின்றது? என் பார்வையில் பூங்கா இடமே மேல். இடிக்கக் கட்டடம் இல்லை, காலி செய்யக் கடை இல்லை. இப்படி ஒரு இடத்தை எடைபோடும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பட்டாநிலம்

ரயிலடி ஒன்றுதான், நிலத்தின் பட்டா ஒன்றல்ல. முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

நியூயார்க் மாநிலத்தில் பூங்கா நிலம் மக்களுக்காக ஒப்படைக்கப்பட்ட நிலம். மாநகராட்சி நினைத்தாலும் வேறு வேலைக்குத் தர முடியாது, மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். 2001-இல் வான் கோர்ட்லண்ட் பூங்கா வழக்கில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அங்கே மாநகராட்சி கேட்டது பூமிக்கு அடியில் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். முடிந்ததும் மேலே பழையபடி புல் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அதற்கும் சட்டமன்ற ஒப்புதல் வேண்டும் என்றே தீர்ப்பு வந்தது. பூமிக்கு மேலே 25,000 பேர் அமரும் அரங்கத்துக்குச் சந்து பொந்து ஏது?

நடைமுறை இப்படி: மாநகர மன்றம் முதலில் கோரிக்கைத் தீர்மானம் அனுப்ப வேண்டும். பிறகு சட்டமன்றத்தின் இரு அவைகள், அப்புறம் ஆளுநர் கையெழுத்து. மாற்று நிலம் கேட்பது வழக்கம். அந்தப் பூங்காவில் மத்திய அரசின் நிலப் பாதுகாப்பு நிதி செலவாகியிருந்தால் சமமதிப்புள்ள மாற்று நிலம் கட்டாயம், வாஷிங்டன் ஒப்புதலும் தேவை. 2013-இல் அதே பூங்காவுக்குள் டென்னிஸ் சங்கம் 0.68 ஏக்கர் கேட்டது, அதற்கே 1.56 ஏக்கர் திருப்பித் தர வேண்டியிருந்தது. 13 ஏக்கருக்கு ஈடாகக் குவீன்ஸில் எங்கே நிலம் தேடுவது?

மாற்று நிலம் தருகிறோம் என்ற வாக்கை எடைபோடும்போது கால அட்டவணையைக் கேளுங்கள். புதிய யாங்கி ஸ்டேடியத்துக்காக மேக்கோம்ப்ஸ் டேம் பூங்காவை 2006-இல் மூடினார்கள். அரங்கம் 2009 ஏப்ரலில் திறந்தது. அதற்கு ஈடான ஹெரிடேஜ் ஃபீல்ட் திடல்கள் 2012-இல்தான் வந்தன, ஏனென்றால் பழைய அரங்கத்தை இடித்த இடத்தில்தான் அவற்றைப் போட வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கிற காலம் அது. ஃப்ளஷிங் மெடோஸில் அந்தக் குளத்தைச் சுற்றி வார இறுதியில் ஈக்வடார், மெக்சிகோ குடும்பங்கள் கால்பந்து ஆடுகின்றன. கால்பந்துக்காகக் கால்பந்து ஆடுபவர்களையே விரட்டுவது நியாயம் ஆகாது.

வில்லெட்ஸ் பாயிண்டில் இந்தச் சிக்கல் இல்லை. நிலம் மாநகராட்சியுடையது, ஆனால் பூங்கா அல்ல. வழக்கமான நில உபயோக ஆய்வு போதும்: வட்டாரக் குழு 60 நாள், பரோ (குவீன்ஸ் போன்ற நகரப் பெரும்பகுதி) தலைவர் 30, திட்ட ஆணையம் 60, மாநகர மன்றம் 50. மொத்தம் 200 நாள். 2024 ஏப்ரலில் மன்றம் ஒப்புதல் தந்துவிட்டது.

தெருவைக் கடந்தால் கதை மாறும், கவனிக்கவும். எதிரே உள்ள மெட்ஸ் வண்டி நிறுத்துமிடம், மேலே தார் போட்டிருந்தாலும், அப்போது சட்டப்படி பூங்காவாகவே இருந்தது. அங்கே வணிக வளாகம் கட்டவிருந்த திட்டத்தை 2017-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 1961-இல் மெட்ஸின் பழைய அரங்கமான ஷே ஸ்டேடியத்துக்காக இயற்றிய சட்டம் கடைகளுக்குப் பொருந்தாது என்றது.

தண்டவாளம்

சட்டம் சரி. ஆனால் ரசிகர் வந்து போகும் வழியை வைத்துப் பார்த்தால் பிராங்க்ஸே முதலிடம் என்பேன்.

கணக்கு போடுவோம். வில்லெட்ஸ் பாயிண்டுக்கு சப்வே என்றால் 7 தடம் ஒன்றுதான். 11 பெட்டி, பெட்டிக்கு 100 பேர் என்றால் ரயிலுக்கு 1,100. நாலு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 15 ரயில், 16,500 இடம். மன்ஹாட்டன் பக்கம் போகிற ரயில் கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டில் கிளம்பி ஒரு நிறுத்தத்தில் இங்கே வருகிறது. மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மிச்சம் 11,000. ஆட்டம் முடிந்து 25,000 பேரில் 60 சதவீதம், அதாவது 15,000 பேர், இந்த நடைமேடைக்கு வந்தால் கடைசி ஆள் ஏற 80 நிமிடம் ஆகும். லாங் ஐலண்ட் புறநகர் ரயில் கொஞ்சம் பாரத்தை எடுக்கும், அவ்வளவே.

பிராங்க்ஸில் 161-ஆம் தெருவில் 4, டி என்ற இரண்டு சப்வே தடங்களும் தினமும் உண்டு. வார நாளில் பி-யும் சேரும். 2009-இலிருந்து மெட்ரோ நார்த் புறநகர் ரயில் நிலையமும் இருக்கிறது. கூட்டம் மூன்று திசையில் பிரியும்.

அரங்கத்துக்குள்ளே வாசல் அகலம் இவ்வளவு பெரிய தலைவலி இல்லை. பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்புக் கையேட்டின்படி சமதளத்தில் மீட்டருக்கு நிமிடம் 82 பேர், 8 நிமிடத்தில் வெளியேற வேண்டும். 25,000 பேருக்கு மொத்தம் சுமார் 38 மீட்டர் வாசல் போதும். அதை எந்த 13 ஏக்கரிலும் வைக்கலாம். எட்டு நிமிடத்தில் வெளியே வந்தவர்கள் நிற்க இடம் வேண்டும், சிக்கல் அங்கேதான் வரும். வாசலுக்கும் ரயிலடிப் படிக்கும் நடுவே பரந்த முற்றம் விடாத அரங்கத்தில் நெரிசல் தெருவுக்கு மாறிவிடும்.

பட்டாநிலம்

ரயிலுக்கு பிராங்க்ஸ் மேல்தான், மறுக்கவில்லை. அங்கே திட்டத்தைக் கவிழ்த்தது கார் நிறுத்துமிடம். யாங்கி ஸ்டேடியத்துக்காகச் சுமார் 23.7 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு அடுக்கு நிறுத்துமிடங்கள் கட்டினார்கள். ரயில் வசதி பெருகியது, ரசிகர்கள் காரில் வருவது குறைந்தது, பாதி காலியாகக் கிடந்து கடன் அடைக்க முடியாமல் போனது. கால்பந்து அரங்கத்துக்கு அந்த நிறுத்துமிடங்களில் ஒன்றை இடிக்க வேண்டும். ஆனால் பேஸ்பால் அணிக்கு இத்தனை வண்டிக்கு இடம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். காலியாக நின்றாலும் அது ஒப்பந்தம். பத்திரம் வாங்கியவர், அணி, மாநகராட்சி மூன்று பேரும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு செங்கல் எடுக்க முடியாது. பழைய அரங்கத்துக்குப் பக்கத்தில் இடம் தேடுகிறவர்கள் அதன் குத்தகை, பார்க்கிங் ஒப்பந்தங்களை முதல் வாரத்திலேயே வாங்கிப் படிக்க வேண்டும்.

மண்வெட்டி

கிழக்குக்கரை சொன்ன "பூங்காவில் இடிக்க ஒன்றுமில்லை" என்பதைத் திருத்த வேண்டும். மேலே ஒன்றுமில்லை, கீழே நிறைய இருக்கிறது. அந்தப் பூங்கா முழுக்க உப்பங்கழிச் சதுப்பு. அதன்மேல் புரூக்லின் வீடுகளின் நிலக்கரிச் சாம்பலைப் பல பத்தாண்டுகள் கொட்டினார்கள். 1939 உலகக் கண்காட்சிக்கு அதைச் சமப்படுத்தியதுதான் இன்றைய புல்வெளி. சாம்பல், அதன் கீழே மெத்து மெத்தென்ற கரிமச் சேறு. சாதாரண அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கும், மேல்தளத்தில் விரிசல் விழும். கடினப் படுகை வரை பைலிங் இறக்கியே ஆக வேண்டும். குளத்தில் கட்டினால் மழைநீர் ஒதுங்கும் இடமும் போகும்.

வில்லெட்ஸ் பாயிண்டிலும் மண் மோசமே. பல பத்தாண்டு மெக்கானிக் கடைகள், சாக்கடைக் குழாயே போடாத தெருக்கள், எண்ணெயும் பெட்ரோலும் ஊறிய மண், வெள்ளப் பகுதி வேறு. அங்கே வேலை வரிசை முக்கியம்: துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்துச் சோதனை, அழுக்கு மண்ணை அள்ளி உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்புதல், சுத்தமான மண் கொட்டி வெள்ள மட்டத்துக்கு மேலே தரையை உயர்த்துதல், கழிவுநீர், மழைநீர்க் குழாய்கள், அதன் பிறகே தெரு. வீடுகளின் அடித்தளத்தில் ஆவி தடுக்கும் விரிப்பும் வேண்டும். குழாய் போடுமுன் தெருவை முடித்தால் மறுபடி தோண்ட வேண்டும். நீர்மட்டம் மேலே உள்ள இடத்தில் ஆடுகளத்தைப் பள்ளமாக இறக்கினால் ஆயுளுக்கும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, இருக்கைக் கிண்ணம் முழுவதும் தரைக்கு மேலே எழ வேண்டும், இரும்பு அதிகம் பிடிக்கும்.

இரண்டும் கெட்ட மண் என்றால் நான் வில்லெட்ஸ் பாயிண்டையே தேர்வேன். அந்த மண்ணை யாராவது ஒரு நாள் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அரங்கத்தோடு 2,500 குறைந்த வாடகை வீடுகளும் 650 பிள்ளைகளுக்கான பள்ளியும் வருகின்றன. ஆனால் அங்கே பிழைத்த மெக்கானிக் கடைக்காரர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவர்களில் ஒரு கூட்டுறவு பிராங்க்ஸ் ஹண்ட்ஸ் பாயிண்டுக்குப் போய் நிலைக்க முடியாமல் கலைந்தது. கடைக்கு மாற்று இடம் தயாராகி, அனுமதிகள் கையில் வந்த பிறகே காலி செய்யச் சொல்ல வேண்டும்.

வரவுசெலவு

"தனியார் பணம்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கட்டடம் கிளப்பின் பணம். நிலம் மாநகராட்சியுடையது, 49 ஆண்டு குத்தகை, சொத்து வரி இல்லை. அந்த 49 ஆண்டில் கைவிடும் வரி 50 கோடி டாலருக்கு மேல் என்று நகரின் சுயேச்சை வரவுசெலவு அலுவலகம் கணக்கிட்டது. பூங்கா இடமோ பிராங்க்ஸோ, எங்கே கட்டினாலும் இந்தக் கேள்வி எழும். அரங்கம் ஆண்டில் 17 லீக் ஆட்டத்துக்குத் திறக்கும். மற்ற நாளில் சுற்றுக் கடைகளுக்கு வியாபாரம் தருவது அந்த 2,500 குடும்பங்கள்தான். எனவே குத்தகையில் வீடுகளுக்கும் அரங்கத்துக்கும் ஒரே காலக்கெடு எழுத வேண்டும்.

கிழக்குக்கரை

பூங்காவைப் பற்றி என் எண்ணம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒன்று: எதிரே மெட்ஸ் 81 ஆட்டம் ஆடுகிறது. ஒரே நாளில் இரண்டும் வந்தால்?

தண்டவாளம்

கூடாது. 40,000 சொச்சமும் 25,000-மும் ஒரே நடைமேடையில் நின்றால் என் 80 நிமிடக் கணக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டும். நிறுத்துமிடமும் பகிர்ந்த ஒன்றே, பேஸ்பால் அட்டவணைதான் முதலில் வெளியாகிறது. ஆகஸ்ட் கடைசியில் டென்னிஸ் அமெரிக்க ஓப்பனும் அதே ரயிலடியில். ஒரு ஆறுதல்: எம்.எல்.எஸ். 2027 நடுவிலிருந்து ஜூலை முதல் மே வரையான பருவத்துக்கு மாறுகிறது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரையும், பிப்ரவரி, மார்ச்சிலும் மோதல் ஏறக்குறைய இருக்காது. ஏப்ரல், மே, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆட்டங்களை மெட்ஸ் வெளியூர் போகும் நாள்களில் வைக்க வேண்டும். அந்தக் குளிர் மாதங்களுக்குப் புல்லுக்கு அடியில் சூடேற்றும் குழாயும், தெற்கு இருக்கை வரிசையின் நிழல் விழும் பகுதிக்குப் புல் வளர்ப்பு விளக்கும் தேவைப்படும்.