அப்பாவோட பேலன்ஸை அளந்தேன், என்னை விட அவர் கம்மியா ஆடுறாரு, இது எப்படி?

மொட்டைமாடி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு. போன மாசம் பாத்ரூம்ல கால் தடுமாறி கதவைப் பிடிச்சு தப்பிச்சாரு, அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. வயசாக ஆக நிக்கிற பேலன்ஸ் எப்படி மாறுதுன்னு அளந்து வெச்சுக்கிட்டா முன்கூட்டியே தெரியுமேன்னு, போனை ஒரு பெல்ட்ல இடுப்புக்குப் பின்னாடி கட்டி, ஆக்சிலரோமீட்டரை (போனுக்குள்ள அசைவை அளக்கற சென்சார்) ரெக்கார்ட் பண்ற ஆப்பைப் போட்டு, வெறுங்கால்ல ரெண்டு பாதத்தையும் சேர்த்து வெச்சு, கண்ணைத் திறந்துகிட்டே 30 செகண்ட் நிக்கச் சொன்னேன். அப்பா, நான் 43, பையன் 9, மூணு பேரும் செஞ்சோம். பார்த்தா பையன்தான் அதிகமா ஆடுறான், அடுத்து நான், அப்பாதான் இருக்கறதிலேயே கம்மி. அப்போ அவர் பேலன்ஸ் நல்லாதான் இருக்குன்னு நிம்மதியா இருக்கலாமா, இல்ல நான் அளந்ததுல தப்பா? மாசாமாசம் அளக்கலாம்னு இருக்கேன், எதை அளக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணுக்கால்:
அப்பா நின்னப்போ அவர் கால் விரலைப் பாத்தீங்களா? நான் பிசியோதெரபிஸ்ட், பெரியவங்களை நிக்க வெச்சா முதல்ல அங்கதான் பாப்பேன்.

அசையாம நிக்கிறோம்னு நாம நினைக்கிறோமே தவிர யாரும் அசையாம நிக்கிறதில்ல. உள்ளங்கையில குச்சியை நிமிர்த்தி வெச்சு விழாம பாத்துக்குவோமே, அந்த மாதிரி முழு உடம்பும் கணுக்கால் மேல நிக்குது, முன்னாடி சாயச் சாய கெண்டைக்கால் தசை பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும். எவ்வளவு சாஞ்சிருக்கோம்ங்கற தகவல் கண்ணுல இருந்தும், உள்காதுல இருந்தும், பாதம் மூட்டு தசைகள்ல இருந்தும் வருது. வயசாக ஆக உள்காதுல இருக்கிற நுண்முடி செல்கள் குறையும், பாதத்துல அதிர்வை உணர்றது மங்கும், சட்டுனு வேலை செய்யற வேகமான தசை நார்கள் மெலியும், அப்போ உடம்பு மொத்த பாரத்தையும் கண்ணு மேல போட்டுடும். பையன் ஆடுறதுக்கு பயப்படாதீங்க, சின்ன வயசுல ஆட்டம் அதிகம், வாலிபத்துல கம்மி, அப்புறம் திரும்ப கூடும், அது இயல்புதான்.

அப்பா விஷயத்துக்கு வரேன். விழுந்துடுவோமோன்னு பயம் இருக்கறவங்க முன் தசை பின் தசை ரெண்டையும் ஒரே நேரத்துல இறுக்கி மரம் மாதிரி நிப்பாங்க. ஆட்டம் கம்மியா பதிவாகும், ஆனா லேசா ஒரு இடி பட்டா சமாளிக்க இடமே இருக்காது. பார்கின்சன்ங்கற நரம்பு நோய் இருக்கிற சிலருக்குக்கூட விறைப்பால ஆட்டம் குறைவா வரும். அதனால கம்மியா ஆடினா நல்ல பேலன்ஸ்னு எடுத்துக்கவே கூடாது, எனக்கு இந்த ஒண்ணை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கணும்னு தோணும்.

கண்ணை மூடி அளங்க, ஒத்தக்கால்ல எத்தனை செகண்ட்னும் அளங்க. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ங்கற ஆஸ்பத்திரில 50 வயசு தாண்டின ஆரோக்கியமான 40 பேரை வெச்சு செஞ்ச ஆய்வு 2024-ல வந்துச்சு, அதுல ரொம்ப வேகமா குறைஞ்சது ஒத்தக்கால் நேரம்தான், அதிகம் புழங்காத கால்ல பத்து வருஷத்துக்கு 2.2 செகண்ட், புழங்கற கால்ல 1.7. ரெண்டு கால்ல நிக்கிற ஆட்டம் பத்து வருஷத்துக்கு கண்ணைத் திறந்து 6.3 சதவீதம், மூடினா 10.4 சதவீதம் கூடுச்சு. சுவர் மூலையில நிக்க வெச்சு, பின்னாடி ஒருத்தர் கையை ரெடியா வெச்சுக்கிட்டுதான் செய்யணும், தனியா விடாதீங்க.

சென்சார்பிரியன்:
அளக்கற பக்கம் நான் சொல்றேன் ப்ரோ. லேப்ல ஃபோர்ஸ் பிளேட்னு ஒரு பலகை இருக்கும், அதுல எடையை அளக்கற சென்சார்கள் (லோட் செல்) இருக்கும், பாதத்தோட அழுத்தத்தின் மையம் எங்க இருக்கு, எப்படி ஓடுதுன்னு கோடு போடும். உங்க போன் அளக்கறது இடுப்போட முடுக்கம், ரெண்டும் வேற. பெல்ட் அப்பாவுக்கு இறுக்கமாவும் உங்களுக்கு லூஸாவும் இருந்தா அதுவே உங்க நம்பரை ஏத்திடும். கோட்டோட மொத்த நீளம் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை பதியறோம், தேவையில்லாத அதிர்வை நீக்க எந்த ஃபில்டர் போடறோம்ங்கறதைப் பொறுத்து ஏகத்துக்கும் மாறும், அதனால வேற எங்கயோ பார்த்த நம்பரோட ஒப்பிடவே ஒப்பிடாதீங்க. பெரிய காகிதத்துல பாத அவுட்லைன் வரைஞ்சு ஒவ்வொரு தடவையும் அதுலயே நிக்க வைங்க, முதல் அஞ்சு செகண்டைத் தூக்கிப் போட்டுடுங்க, மூணு தடவை எடுத்து சராசரி பாருங்க, பேச்சு கொடுக்காதீங்க. அப்புறம் கண் மூடினப்போ வந்ததை திறந்தப்போ வந்ததால வகுங்க, அந்த விகிதம்தான் உங்களுக்கு உதவும், அது கூடக் கூட கண்ணை நம்பி நிக்கறது அதிகம்னு அர்த்தம்.

தும்பைப்பூ:
எங்க அம்மா கதையைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க, அளவெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா வாஷ்பேசின்ல முகம் கழுவும்போது சோப்புக்கு கண்ணை மூடுவாங்களா, மூடின உடனே ஒரு கை தானா போய் பேசின் விளிம்பைப் பிடிச்சுக்கும். ரெண்டு வருஷமா பாத்துட்டே இருந்தேன், பழக்கம்னு நினைச்சேன். சுகர் செக்கப்புக்குப் போனப்போ சும்மா வாய்விட்டு சொன்னதுக்கு டாக்டர் உடனே ட்யூனிங் ஃபோர்க்கை (தட்டினா அதிர்ற உலோகக் கவை) தட்டி கால் கட்டை விரல் மேல வெச்சாரு, அம்மாவுக்கு அதிர்வே தெரியல. பாதத்துல நரம்பு மரத்திருக்கு, கண்ணை நம்பித்தான் நின்னுட்டு இருந்திருக்காங்க. கண்ணை மூடி நிக்க வெச்சுப் பாக்கறதை ராம்பெர்க்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 19-ம் நூற்றாண்டுலயே எழுதி வெச்சிருக்காராம். அப்பா முகம் கழுவும்போது தயவுசெஞ்சு பக்கத்துல நின்னு பாருங்க.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் திரும்ப செஞ்சோம். கணுக்கால் சொன்னது அப்படியே இருந்துச்சு, அப்பா விரல் பத்தும் தரையைக் கவ்விக்கிட்டு நகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு, மூச்சைக்கூட அடக்கிக்கிட்டு நின்னிருக்காரு. கண் மூடி மூணு தடவை எடுத்தா அவர் விகிதம் 2.1, எனக்கு 1.3. ஒத்தக்கால்ல வலது 7 செகண்ட், இடது 4, நான் பின்னாடியேதான் நின்னேன். அவருக்கு சுகர் இருக்கு, பாதத்தை யாரும் செக் பண்ணினதில்ல. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், இந்த நம்பரெல்லாம் எழுதி எடுத்துக்கறேன்.

கணுக்கால்:
சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, பிரஷர் மாத்திரை தூக்க மாத்திரையாலயும் தடுமாற்றம் வரும். வைட்டமின் பி12 அளவையும் பாக்கச் சொல்லி கேளுங்க. ராத்திரி பாத்ரூம் போற வழியில லைட்டை இன்னிக்கே போட்டுடுங்க, வியாழன் வரைக்கும் அதுக்குக் காத்திருக்க வேணாம்.